வறண்ட சீமையில் ஒரு வசம்புத் தொட்டி

எங்கள் சிவகாசிக்கு வருகிற விருந்தாளிகள் ரயிலை விட்டு இறங்கியதும் சொல்கிற முதல் வார்த்தை, "அப்பாடி, என்ன வெயில்!" என்பதுதான். இந்த ஊருக்குச் சோறு போடுவதே அந்த வெயில்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. தீக்குச்சி காய வேண்டும், பட்டாசில் அடைத்த மருந்து காய வேண்டும், அச்சடித்த காலண்டரில் மை காய வேண்டும். திரு. அய்ய நாடாரும் திரு. சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, மறு வருஷம் ஊர் திரும்பி ஆரம்பித்தார்களே, அந்தத் தொழில் இங்கே வேர் பிடித்ததற்கு இந்த வறட்சியும் ஒரு காரணம். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் கரிசல் மண் வாய் பிளந்து கிடக்கும்.

இப்படிப்பட்ட ஊரில், சதா காலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே நிற்க ஆசைப்படுகிற ஒரு செடியை வளர்க்கிறேன் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அக்கம்பக்கத்தாரும் சிரித்தார்கள். ஆனால் இன்றைக்கு எங்கள் வீட்டுப் பின்கட்டில், துவைக்கிற கல்லுக்கு நாலடி தள்ளி, சிமெண்ட் தொட்டியில் வசம்பு இடுப்பளவுக்கு நிற்கிறது. அதைத் தேடிப் போன வழியையும், வளர்க்கிற விதத்தையும், அதைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று எங்கள் வீட்டில் எழுந்த பேச்சையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

பேர் சொல்லாத மருந்து

வசம்பைத் தெரியாத தமிழ்க் குடும்பம் உண்டா? பிள்ளை வளர்ப்பான் என்று அதற்கு இன்னொரு பெயர். பேர் சொல்லா மருந்து என்றும் சொல்வார்கள். விளக்கு வைத்த பிறகு வசம்பு என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது பழைய ஆட்களின் நம்பிக்கை. விருதுநகர் கடைத்தெருவில் இப்போதும் பெரியவர்கள் நாட்டு மருந்துக் கடையில் போய், "அண்ணாச்சி, அந்தப் பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். கடைக்காரரும் மறுபேச்சுப் பேசாமல் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்.

விருதுநகரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரிதாக எதுவும் விளையாத ஊர். ஆனால் மல்லி, மிளகாய் வத்தல், பருப்பு, எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் விலை சொல்லுகிற ஊர். அந்தக் கடைத்தெருவை ஒட்டியே, ஊர் நடுவில் தெப்பக்குளம். மழைத் தண்ணீரை வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து தேக்கி வைத்த பெரியவர்களின் புத்தி, வெளியூர்க்காரர்கள் பார்த்துப் படிக்க வேண்டியது. தண்ணீர் இல்லாத சீமைக்காரனுக்குத்தான் தண்ணீரைச் சேர்த்து வைக்கத் தெரியும் என்று எனக்குத் தோன்றும். தொட்டியில் செடி வளர்க்கத் துணிந்ததும் அந்தத் தைரியத்தில்தான்.

கடையில் விற்கிற வசம்பு காய்ந்த கிழங்கு. அதை மண்ணில் புதைத்தால் முளைக்காது. பச்சைக் கிழங்கு வேண்டும். எங்கள் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் கோரை உண்டு, அல்லி உண்டு, நீர்முள்ளி, பொன்னாங்கண்ணி உண்டு. வசம்பு கண்ணில் படவில்லை. "செங்கோட்டைப் பக்கம் கேட்டுப் பாருங்க மதினி, அங்கதான் வாய்க்காலுக்கு வாய்க்கால் தண்ணி ஓடுது" என்று என் நாத்தனார் சொன்னாள். அவளைத் தென்காசியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. புரட்டாசி மாதம் ஒரு நாள் கிளம்பிவிட்டேன்.

சிவகாசியிலிருந்து செங்கோட்டைக்கு

மதுரையிலிருந்து விருதுநகர் வழியாகச் செங்கோட்டை போகிற ரயில் பாதை, என்னைக் கேட்டால், நம் மாநிலத்தில் பார்க்க வேண்டிய பாதைகளில் ஒன்று. விருதுநகரை விட்டால் திருத்தங்கல். நின்ற நாராயணப் பெருமாள் குன்றின் மேல் நிற்கிறார். அடுத்து சிவகாசி. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் வெகு தூரத்திலேயே தெரிய ஆரம்பித்துவிடும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவை வாங்காமல் அந்த ஊரைத் தாண்ட என் வீட்டுக்காரருக்கு மனசு வராது. அடுத்து ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை.

சன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனால் மண்ணின் நிறம் மாறுவது தெரியும். சிவகாசியில் வேலிக்கருவேலும், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு ஆலைகளின் சின்னச் சின்னக் கட்டடங்களும். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் மேற்கே மலை எழும்பும். அந்த மலைச்சரிவில்தான் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக ஆக்கியிருக்கிறார்கள். ராஜபாளையத்தில் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. கடையநல்லூரைத் தொட்டால் வயல் பச்சை கண்ணை நிறைக்கும். சிவகாசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே சில மணி நேரப் பிரயாணம்தான். ஆனால் காற்றின் குளிர்ச்சி வேறு, மனிதர்கள் தண்ணீரைச் செலவழிக்கிற விதமே வேறு. தென்காசியில் நாத்தனார் வீட்டில் பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் நாங்கள் ஒரு நாள் குடித்தனமே நடத்திவிடுவோம்!

இந்தப் பாதைக்கு ஒரு பழைய கதையும் இருக்கிறது. ஹரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து சிவலிங்கம் கொண்டுவந்தானாம். தென்காசிக்குக் கொண்டுபோகிற வழியில், சுமந்துவந்த பசு ஓர் இடத்தில் நின்று நகர மறுத்துவிட்டதாம். சுவாமிக்கு இந்த இடம் பிடித்துப்போயிற்று என்று அங்கேயே பிரதிஷ்டை செய்தான். அதுதான் சிவகாசி என்பார்கள். தென்காசிக்குப் போக வேண்டிய தெய்வத்தையே நிறுத்திக்கொண்ட ஊருக்கு, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செடியைக் கொண்டுவர முடியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

செங்கோட்டைப் பக்கம் வாய்க்கால் கரையை ஒட்டிய ஒரு நாற்றுப் பண்ணையில் கிடைத்தது. முதல் பார்வைக்குக் கோரைதானே என்று தோன்றும். கத்தி போல நீண்ட இலை. ஒரு பக்க ஓரம் மட்டும் சுருக்குத் தைத்த மாதிரி நெளிநெளியாக இருக்கும். சந்தேகம் இருந்தால் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பாருங்கள். கோரைக்கு அந்த வாசனை வராது. பண்ணையில் வேலை பார்த்த பெரியம்மா சேற்றில் கையை விட்டு ஒரு கிழங்கைப் பிடுங்கினார். விரல் பருமன், கணுக்கணுவாக, சல்லி வேரோடு. "மண்ணோட ஈரச் சாக்குல சுத்திக் கொண்டு போ தாயி. வேர் மட்டும் காயப்படாது" என்றார்கள். நாலு துண்டு வாங்கினேன். கர்நாடகத்தில் துமகூரு மாவட்டத்துக் கொரட்டகெரே பக்கம் இதை நெல்லைப் போலச் சேறடித்த வயலில் நட்டு, பணப் பயிராகவே செய்கிறார்கள். நமக்கு ஒரு தொட்டி போதும்.

தொட்டி தயாரிக்கும் விதம்

மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள சிமெண்ட் தொட்டி வாங்கினேன். புதுத் தொட்டியில் உடனே நடக்கூடாது. சிமெண்ட்டின் காரம் வேரைச் சுடும். ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி, இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்றி, தேய்த்துக் கழுவுங்கள். பழைய கல்தொட்டி வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

மண்ணுக்கு எங்கள் ஊரில் கவலையில்லை. தலைக்குத் தேய்த்துக் குளிப்போமே, அந்தக் கண்மாய்க் கரம்பை இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு இரண்டு கை. இவற்றைப் பிசைந்து தொட்டியில் முக்கால் அடிக்குப் பரப்பினேன். கடை உரம் வேண்டாம். தண்ணீரில் கரைந்து பாசி பிடித்துவிடும்.

கிழங்கை ஒரு சாண் நீளத்துக்கு, இரண்டு மூன்று கணு இருக்கும்படி நறுக்க வேண்டும். படுக்கை வசமாக வைத்து, முளை மட்டும் வெளியே தெரியும்படி மண்ணை மூட வேண்டும். துண்டுக்குத் துண்டு ஓர் அடி இடைவெளி. முதலில் மண்ணுக்கு மேல் ஓர் அங்குலத் தண்ணீர் போதும். இலை ஒரு சாண் வளர்ந்த பிறகு மூன்று நாலு அங்குலம் வரை ஏற்றலாம். எங்கள் ஊருக்கு ஐப்பசி மாதம்தான் நடுவதற்கு ஏற்றது. மழையும் உண்டு, வெயிலும் தணிந்திருக்கும்.

காலை வெயில் நாலைந்து மணி நேரம் படட்டும். பிற்பகல் வெயில் படாமல் இருக்க வேண்டும். எங்கள் தொட்டிக்கு மேற்கே ஒரு முருங்கையும் வாழையும் நிழல் கொடுக்கின்றன. சித்திரை, வைகாசியில் தினமும் அரை விரற்கடை தண்ணீர் ஆவியாகிவிடும். காலையில் ஒரு குடம் ஊற்றினால் சரியாகிவிடும்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது? எங்கள் பக்கத்து ஊர்களில் குழாய்த் தண்ணீர் சில நாட்களுக்கு ஒரு முறைதான் வரும். ஆழ்துளைக் கிணற்றில் உப்பு. உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஆவியாக விட்டால், தண்ணீர் போகும், உப்பு தங்கும்; இலை நுனி கருகும். மாடியில் விழுகிற மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து மூடி வைத்து ஊற்றுகிறேன். கோடையில் ஏ.சி. மிஷினிலிருந்து சொட்டுகிற தண்ணீரையும் வாளியில் பிடித்து ஊற்றுகிறேன். குடிதண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் வெளியே தள்ளுகிற தண்ணீர் வேண்டாம். அதில் உப்பு அதிகம். அரிசி களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள். நிற்கிற தொட்டியில் ஊற்றினால் நாறும். சோப்புத் தண்ணீர் கூடவே கூடாது.

சிவகாசிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். ஆலைக் கழிவு ஓடுகிற ஓடைக்கரையிலிருந்து மண்ணோ தண்ணீரோ எடுக்காதீர்கள். மத்தாப்புக்கும் வாணத்துக்கும் நிறம் கொடுக்கிற மருந்துகளில் எத்தனையோ உலோக உப்புகள். பச்சை நிறம் தருகிற பேரியம் உப்புகளைச் சேர்க்கவே கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கும். நீர்ச் செடிகள் தண்ணீரில் உள்ளதையெல்லாம் உறிஞ்சும். அப்படிப்பட்ட இடத்தில் தளதளவென்று வல்லாரை இருந்தாலும் பறிக்காதீர்கள். தீபாவளி இரண்டு நாளும் தொட்டியைப் பழைய சேலையால் மூடி வைத்துவிடுவேன், சாம்பல் விழாது.

கொசுவும் குழந்தையும்

தண்ணீர்த் தொட்டி என்றதும் சுகாதாரத் துறைக்காரர்கள் நெற்றியைச் சுருக்குவார்கள். அது நியாயம்தான். டெங்குவைப் பரப்புகிற கொசு, சுத்தமாகத் தேங்கி நிற்கிற தண்ணீரில்தான் முட்டையிடும். ஏழெட்டு நாளில் முட்டை கொசுவாகிவிடும். அதனால் தொட்டியில் மீன் இல்லாமல் நீர்ச் செடி வளர்க்காதீர்கள். கப்பி மீன் நாலைந்து போதும். கண்மாயில் நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி ஒரு சிறு மீன் உண்டு. மேல் தண்ணீரிலேயே நீந்தும். அதுவும் புழுவைப் பிடித்துத் தின்னும். மீனை விட்டுவிட்டோம் என்று சும்மா இருக்கவும் கூடாது. தொட்டிச் சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே கொசு முட்டை ஒட்டிக்கொள்ளும். காய்ந்தாலும் மாதக் கணக்கில் சாகாது. வாரம் ஒரு முறை சுவரை நார் வைத்துத் தேய்த்துவிடுங்கள்.

இதைவிட முக்கியம், தவழ்கிற, நடை பழகுகிற பிள்ளைகள். ஒரு சாண் தண்ணீர் ஒரு குழந்தையின் உயிரை எடுக்கப் போதும். சத்தம்கூட வராது. அதனால் தொட்டிக்கு மேல் இரும்புக் கம்பி வலை ஒன்று அளவெடுத்துச் செய்து போட்டிருக்கிறேன். இலை அதன் இடுக்கு வழியாக வளர்ந்து வரும். பிள்ளை கை உள்ளே போகும், தலை போகாது. வலை போட வசதியில்லாதவர்கள், பிள்ளை பெரிசாகிற வரைக்கும் இந்த ஆசையைத் தள்ளிப் போடுங்கள்.

வீட்டில் நடந்த விவாதம்

தை மாதம் என் மகளுக்குத் தலைப்பிரசவம். பேரன் பிறந்தான். தொட்டியில் வசம்பு அப்போது ஓர் அடி வளர்ந்திருந்தது. என் மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உரைகல்லைக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டார்கள். வசம்பை விளக்கில் சுட்டு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காயோடு தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவினால் பிள்ளைக்கு வயிற்றுப் பொருமல் இருக்காது, நன்றாகத் தூங்கும் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் ஏழு பிள்ளை பெற்றவர்கள்.

மகள், "வேண்டாம் அப்பத்தா, டாக்டரைக் கேட்டுக்கிடுவோம்" என்றாள். மாமியார் முகம் சுருங்கிப்போயிற்று. "உங்கப்பனை இதுதாண்டி வளர்த்தது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

குழந்தை டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூடத் தேவையில்லை. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுவே. வசம்பில் ஆசரோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. நம் நாட்டு வசம்பில் அது அதிகம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கட்டி உண்டானது. அமெரிக்காவில் 1968-லேயே உணவுப் பண்டத்தில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். பச்சைக் குழந்தைக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்று உரைகல்லில் அளக்கவும் முடியாது. வாந்தியும் மயக்கமுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றும் சொன்னார்கள். கையில் கட்டுகிற வசம்பு வளையலும் வேண்டாம். பிள்ளை அதை வாயில் வைத்துச் சப்பும், மணி கழன்றால் தொண்டையில் அடைக்கும் என்றார்கள்.

இதை வீட்டில் வந்து எப்படிச் சொல்வது? நான் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் தெருவில் நடந்ததை நினைவுபடுத்தினேன். பட்டாசு ஆலைக்குப் போகிற ஒரு பெண். பிரசவமான மூன்றாம் மாதமே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். போகாவிட்டால் கூலி இல்லை. பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொண்டாள். பசியில் அது அழும். அழுகையை அமர்த்த உரைமருந்து. மறுபடி அழும். மறுபடி உரைமருந்து. ஒரு நாள் பிள்ளை துவண்டு கிடந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்; நல்லவேளை, பிழைத்தது. அந்தப் பாட்டி செய்தது அன்பினால்தான். பிள்ளைக்குத் தேவைப்பட்டது பால். தாய் வேலைக்குப் போகும் முன் பாலைப் பிழிந்து சுத்தமான கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டுப் போகலாம், வெளியே வைத்தாலும் சில மணி நேரம் கெடாது, நம் ஊர் வெயிலுக்கு நாலு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது, பாலாடையால் புகட்டலாம் என்று பிறகு நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தாள். ஆலையிலிருந்து வந்ததும் கை கால் முகம் கழுவி, சேலை மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும் என்றும் சொன்னாள். அலுமினியப் பொடி சேலையெல்லாம் ஒட்டியிருக்குமே.

மாமியார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ பொருமினா என்ன செய்ய?" என்று கேட்டார்கள். பால் குடித்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் விட வைக்க வேண்டும். இதில் என் மாமியாரை மிஞ்ச ஆள் கிடையாது! காய்ச்சல் இருந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, ஓயாமல் அழுதாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மறுநாள் காலையில் பார்த்தேன். பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டிக்கரையில் நின்றிருந்தார்கள். "இது பிள்ளையை வளர்த்தது போதும். இனிமே பிள்ளை இதை வளர்க்கட்டும்" என்றார்கள். அன்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பு அவர்களுடையது. எங்களை விடுவதில்லை.

பின்னே எதற்கு வசம்பு?

சாப்பிடக் கூடாது என்றால் எதற்கு வளர்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் பழைய சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் காக்க வசம்பு, மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை, கருஞ்சீரகம் இவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கிற வழக்கம் உண்டு. அதே முடிச்சை நான் பட்டுச் சேலைப் பெட்டியிலும் பிள்ளைகளின் புத்தக அலமாரியிலும் வைத்திருக்கிறேன். முடிச்சு பிள்ளைகளின் கைக்கு எட்டாத மேல் தட்டில் இருக்கட்டும். அரிசி டிரம்மைச் சுற்றி எறும்பும் வண்டும் வராமலிருக்க, மூடியின் உள்பக்கம் இரண்டு துண்டைத் துணியில் கட்டித் தொங்கவிடுகிறேன். அரிசியில் கலப்பதில்லை. விதைக்கென்று எடுத்துவைக்கிற பயறில் மட்டும் வசம்புப் பொடி கலப்பார்கள். அந்தப் பயறைச் சமைக்கக் கூடாது.

நட்டு ஒரு வருஷம் ஆனதும் இலை பழுக்க ஆரம்பிக்கும். அப்போது கிழங்கை வெட்டி எடுக்கலாம். முளையோடு நாலு துண்டை மறுபடி நட்டுவிட்டு மீதியைச் சல்லி வேர் நீக்கி, கழுவி, நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்த பிறகு வெகுவாகச் சுண்டிவிடும். தொட்டியை விட்டு வெளியே ஓட இடமில்லாததால் கிழங்கு உள்ளேயே சுற்றிக்கொள்ளும். வருஷம் ஒரு முறை பிரிக்காவிட்டால் நெருங்கி நோஞ்சானாகிவிடும். பூ எப்போதாவது வரும். திப்பிலிக் காய் மாதிரி மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், இலைக்குப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் மாலையில் தண்ணீர் தெளித்ததும் இலையிலிருந்து எழும்புகிற வாசனை இருக்கிறதே, அதற்கே வளர்க்கலாம்.

சாப்பிடவும் ஏதாவது வேண்டும் என்பவர்கள் பக்கத்தில் தனித் தொட்டியில் வல்லாரையோ பொன்னாங்கண்ணியோ வைத்துக்கொள்ளலாம். சுத்தமான மண், சுத்தமான தண்ணீர். பறித்ததும் பல தண்ணீரில் அலசி, சமைத்தே சாப்பிடுங்கள்.

எங்கள் ஊரில் மழைக்கு இரண்டு முகம். வானம் இருண்டு மின்னல் வெட்டினால் ஆலைகளில் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்றுவார்கள். அது உயிருக்குக் காவல். ஆனால் அன்றைக்கு அரைக் கூலிதான். காயப் போட்டதெல்லாம் உள்ளே போகும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கருகிப்போனதைப் பார்த்த இந்தச் சீமையில், நெருப்போடு பழகுகிற பெண்கள் வானத்தை ஒரு பயத்தோடும் ஒரு கணக்கோடும்தான் பார்க்கிறார்கள். அதே மழைதான் வெம்பக்கோட்டை அணைக்கும், கண்மாய்க்கும், என் மாடி டிரம்முக்கும் தண்ணீர் கொண்டுவருகிறது. சாயங்காலம் ஆலை வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகிற பெண்களில் இரண்டு பேர் போன மாசி மாதம் என்னிடம் பச்சைக் கிழங்கு வாங்கிப் போனார்கள். கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லித்தான் கொடுத்தேன்: தொட்டிக்கு வலை, தண்ணீருக்கு மீன், பிள்ளை வாய்க்குத் தாய்ப்பால் மட்டும்.